தண்ணி கூடாது

மனித இதயத்தின் துண்டு என்னிடம் வரும்போது, மீன்காரர் வைத்திருக்கிற அதே வெள்ளை ரெஜிபோம் பெட்டியில்தான் வரும். எங்கள் ஆய்வுகூடத்துக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது. வார விடுமுறைக்குத் தீவிலிருக்கிற எங்கள் ஊர் நாரந்தனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பட்டினத்துக்குத் திரும்பும்போது, என் காலடியில் அப்படிப் பெட்டிகள் நாலைந்து அடுக்கியிருக்கும். ஓரா மீனும் ஒட்டி மீனும் ஐஸுக்குள் கிடக்கும். பிறகு வேலைக்கு வந்து மேசையில் அதே மாதிரிப் பெட்டியைத் திறப்பேன். உள்ளே ஒரு சின்னப் போத்தல், அதற்குள் பெருவிரல் நகமளவு ஒரு சிவப்புத் துண்டு. ஆளின் பெயர் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய் வருத்தம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் "பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டால் "ரத்தம் சோதிக்கிற வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். ஒருமுறை வாய் சும்மா கிடக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்ட அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு யன்னல் பக்கம் தள்ளி இருந்தார். பஸ் ஊர் போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் நான் "இருதயம் வெட்டுறவ". எனக்குக் கலியாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம் என்று ஒருவர் கண்டுபிடித்தாராம். வேலைக்குச் சேரும்போதே எனக்கு நாற்பது வயது என்பது அவருடைய கணக்கில் வரவில்லை.

வேலையைச் சொல்கிறேன். இதயத்தின் மேலறையில் காதுமடல் போல ஒரு நுனி இருக்கிறது. நெஞ்சைத் திறந்து செய்கிற சத்திரசிகிச்சையில் குழாய் செருகுவதற்காக அந்த இடத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்டியது குப்பைக்குப் போகவேண்டிய துண்டு. நோயாளி முன்கூட்டியே சம்மதித்திருந்தால் அது எங்களுக்கு வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலம் என்று படித்தோமே, அந்தத் துண்டிலிருந்து தசைக் கலங்களை ஒவ்வொன்றாக, உயிரோடு, பிரித்தெடுக்கவேண்டும். உயிரோடு என்பதுதான் சிக்கல். செத்த கலங்களை யாரும் எடுக்கலாம்.

முதலில் கல்சியம் இல்லாத கரைசலில் போட்டுத் துண்டைப் பொடிப்பொடியாக வெட்டுவேன். கல்சியம் இல்லாவிட்டால் கலங்கள் துடிக்காது, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும் தளரும். பிறகு, கலங்களைச் சுற்றியிருக்கிற பசையைக் கரைக்கிற நொதியம் சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்து மெல்ல ஆட்டவேண்டும். கூடக் கரைந்தால் கலமே கரைந்துவிடும், குறைந்தால் ஒன்றும் பிரியாது. அதன்பின் வாய் அகன்ற குழாயால் உறிஞ்சி விட்டு, உறிஞ்சி விட்டு, கடைசியில் நைலோன் வலையில் வடிப்பேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உயிருள்ளவை நீளமாக, ஓலைப்பாய் மாதிரி வரிவரியாகக் கிடக்கும். செத்தவை உருண்டு போயிருக்கும்.

அத்தோடு முடிவதில்லை. எடுத்த கல்சியத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதில்தான் புதிதாக வருகிற எல்லோரும் கொலைகாரர் ஆவார்கள். கல்சியம் இல்லாமல் கிடந்த கலம் பாவம் என்று ஒரேயடியாகக் கொடுத்தால், கலம் சுருண்டு அதே இடத்தில் சாகும். துளித் துளியாக, பொறுத்துப் பொறுத்துத்தான் கொடுக்கவேண்டும். உப்பும் அப்படித்தான், தண்ணீரும் அப்படித்தான். கரைசலில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் கலம் ஊதிவிடும், குறைந்தால் வற்றிவிடும். என் வேலையில் முக்கால்வாசி தண்ணீர் அளக்கிற வேலை என்று சொன்னால் அது பொய்யல்ல.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் என் அண்ணை.

அண்ணை நாரந்தனையில் வயலும் மாடுமாக இருந்தவர். எனக்கு ஐந்து வயது மூப்பு. தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட காலத்தில் நாங்கள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிடந்தபோது அவருக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. அம்மா நல்லெண்ணெய் பூசிவிட்டார். வீக்கம் வற்றியது, எல்லோரும் மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்பது அண்ணை ஐம்பதை எட்டுகிறபோதுதான் தெரிந்தது. வரம்பில் நடக்க மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. கட்டிலில் நேராகப் படுக்க முடியாமல் கதிரையிலேயே சாய்ந்து கிடந்தார்.

அண்ணையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் குடிக்காதவர். குடிக்காதவர் பலர் இருக்கிறார்கள், ஆனால் அண்ணை அதை ஒரு பட்டம் மாதிரி வைத்திருந்தார். எங்களைப் பெற்ற ஐயா குடித்தே செத்தவர். ஐயாவைத் தவறணையிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது எப்போதும் அண்ணைதான். அதனால் கலியாண வீடு, செத்த வீடு எங்கேயும் யாராவது போத்தலைக் காட்டினால் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விடுவார். சிலருக்கு அது அளவுக்கு மிஞ்சிய நடப்புக் காட்டலாகத் தெரிந்தது. எனக்கும் சிலவேளை அப்படித் தெரிந்ததுண்டு.

எங்கள் வீட்டுக் கிணறு உவர். தீவில் பாதிக் கிணறு அப்படித்தான். குளிக்க, மாட்டுக்கு வைக்க அந்தத் தண்ணீர். குடிப்பதற்குக் கோயிலடிக் கிணற்றிலிருந்து, பிறகு பவுசர் லொறியிலிருந்து, பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்து வைப்போம். அதற்குப் பெயர் நல்ல தண்ணி. குழந்தைகூட "நல்ல தண்ணி தாங்கோ" என்றுதான் கேட்கும். உவர்த் தண்ணி, நல்ல தண்ணி, இரண்டும்தான் வீட்டில் புழங்கிய தண்ணீர்கள். முன்னுக்கு ஒன்றும் சேர்க்காமல் வெறுமனே "தண்ணி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், அது ஐயா குடித்தது.

அண்ணை கிளினிக்குக்குப் போய்வந்த அன்று பின்னேரம் அவரோடு போனில் பேசினேன். அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"டொக்டர் என்ன சொன்னவர் அண்ணை?"

"வால்வு பழுதாம். ஒப்பரேசனுக்குப் பெயர் போட்டிருக்கு. அதுவரைக்கும் குளிசை. உப்பைக் குறைக்கட்டாம்."

"தண்ணி?"

"தண்ணி கூடாதெண்டவர்."

"அதிலை வலு கவனமா இருக்கவேணும். உப்பைவிட அதுதான் முக்கியம்."

"எனக்கோ சொல்லுறாய்? அந்தக் கதையே என்னட்டை இல்லை."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

மச்சாளும் தன் பங்குக்குக் கவனமாகத்தான் இருந்தார். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. இறுப்பிட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார், எல்லாவற்றையும் கையால்தான் சொல்வார். கறிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினார். கருவாட்டைத் தூக்கி அயலுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையில் ஒன்று சிறுநீரைப் போகவைக்கிற குளிசை. அதை எடுத்தால் அண்ணை அரைமணிக்கொருதரம் வளவு மூலைக்கு நடப்பார், நா வறண்டுபோகும். அது மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு போனால் உடம்பில் என்ன மிஞ்சும், போனதை நிரப்பவேண்டாமா என்று யோசித்தார். செம்பு செம்பாக நல்ல தண்ணி, காலையில் இளநீர், மத்தியானம் மோர், பின்னேரம் பார்லி. கால் வீங்க வீங்க, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று இன்னும் கூடக் கொடுத்தார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு அண்ணை "இப்பதான் உயிர் வந்தது" என்பாராம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தவை. நான் ஊருக்குப் போனபோதெல்லாம் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கக் கண்டேன். ஒரு நாளைக்குரியதை அளந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அளப்பதே தொழிலாக இருப்பவளுக்கு எல்லாம் அளந்து வைத்ததாகத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் மூச்செடுக்க முடியாமல் பாலத்தால் பட்டினத்துக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். நெஞ்சுக்குள் நீர் கட்டியிருந்தது. மச்சாள் வீட்டிலிருந்து பெரிய போத்தலில் நல்ல தண்ணி கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு, மாடு பார்க்க ஆளில்லை என்று ஊர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அவர் படியிறங்கிக் கொஞ்ச நேரத்தில், நான் பக்கத்தில் நிற்க, மருந்து கொடுக்க வந்த நேர்ஸ் பிள்ளை அண்ணையின் கையில் அந்தப் போத்தலைக் கண்டார்.

"ஐயா, என்ன இது? உங்களுக்குத் தண்ணி கூடாதெண்டு கிளினிக்கிலை சொல்லேல்லையோ?"

"சொன்னவை பிள்ளை," என்றார் அண்ணை, மூச்சுக்கு நடுவே. "நான் வாழ்க்கையிலை ஒருநாளும் தொட்டதில்லை."

"எதை?"

"தண்ணியை."

இதைச் சொன்னபோது போத்தல் அவர் கையில்தான் இருந்தது. நேர்ஸ் போத்தலைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். "என்னையும் டொக்டர் குடிகாரன் எண்டு நினைச்சவர் போலை," என்று அண்ணையும் கூடச் சிரித்தார். எனக்கு மட்டும் அன்று போனில் பேசியது ஞாபகம் வந்தது.

"அண்ணை," என்றேன். "அவை சொல்லுறது இந்தத் தண்ணியை."

"எந்தத் தண்ணியை?"

"நல்ல தண்ணியை."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நல்ல தண்ணி கூடாது என்று ஒருவர் சொல்வார் என்பதை எங்கள் ஊரில் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். அந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் வந்து நிற்காது. கிளினிக்கில் டொக்டர் சொன்னது சரியான சொல். அண்ணை கேட்டதும் சரியான சொல். "அது என்னட்டை இல்லை டொக்டர்" என்று அண்ணை சொல்ல, "நல்லது" என்று டொக்டரும் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு யாரையாவது பிடித்துக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு ஒருவரும் அகப்படவில்லை.

அண்ணை போத்தலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கட்டிலுக்கு அப்பால் வைத்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும்…" என்று தொடங்கினார். பிறகு என் கையைப் பிடித்தார். அண்ணை என் கையைப் பிடித்தது சின்னவயதில் பள்ளிக்கூடம் போகும்போதுதான்.

"மச்சாளுக்குச் சொல்லிப்போடாதை."

"அண்ணை…"

"அவள் தன்ரை கையாலை ஊத்தித் தந்தவள். தெரிஞ்சா அவள் உயிரோடை இராள். என்னாணை, சொல்லாதை."

தன்மேலேயே ஆணையிட்டு என்னாணை என்று சொன்னபின் பேச என்ன இருக்கிறது? தலையாட்டினேன்.

மருந்து கொடுத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினார்கள். கால் மெலிந்து எலும்பு தெரிந்தது. ஒருநாளைக்கு ஒரு லீற்றர்தான் என்று சொல்லி, அந்தப் போத்தலில் நானே கோடு போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சட்டம் என்று மச்சாளிடம் சொன்னோம். மச்சாள் நம்பவில்லை. பட்டினத்தில் மனிதருக்குத் தண்ணீர் கொடுக்கவும் பஞ்சமோ என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சத்திரசிகிச்சை செய்பவர் நேரடியாகச் சொன்னார். நாலைந்து மாதம் முந்தி இருந்த நெஞ்சு வேறு, இப்போது இருக்கிற நெஞ்சு வேறு, இருந்தாலும் செய்து பார்க்கலாம் என்றார். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். வால்வு முப்பத்தைந்து வருடமாகக் கெட்டுக்கொண்டு வந்தது. ஆனால் அந்த நாலைந்து மாதமும் எந்தச் செம்பில் போனது என்று எனக்குத் தெரியும்.

துண்டு கொடுக்கச் சம்மதமா என்று எங்கள் ஆய்வுகூடத்துப் பையன் போய்க் கேட்டபோது, "ஏன், என்ரை தங்கச்சிக்குத்தானே போகுது?" என்றாராம் அண்ணை. என்னைக் கண்டதும், "என்ரை இருதயத்திலை உனக்கும் ஒரு பங்கு எழுதியாச்சு. வடிவா வைச்சுப் பார்," என்றார். ஐயாவின் காணியில் எனக்குக் கொஞ்சம் குறைத்துத் தந்துவிட்டார் என்று நான் ஒருகாலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதற்குத்தான் அந்தக் குத்து.

சத்திரசிகிச்சை அன்றைக்கு எங்கள் பேராசிரியர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். இரத்த உறவின் துண்டை யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். ஆனால் கலம் பிரிக்கத் தெரிந்த மற்றப் பெண் டெங்குக் காய்ச்சலில் கிடந்தார். சம்மதம் கேட்கப் போன பையனுக்கு இன்னும் கை பழகவில்லை. துண்டு வெட்டிச் சில மணிநேரத்துக்குள் செய்யாவிட்டால் குப்பை. "நான் செய்யிறன் சேர்," என்றேன். ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு விரல் நகத்தைக் கடிப்பதைவிட அது எனக்குச் சுலபமாகப் பட்டது. வாசலில் மச்சாள் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் எனக்கு அப்போது ஏலாத வேலை.

பெட்டி வந்தது. திறந்தேன். துண்டைச் சாவணத்தால் தூக்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. நல்ல துண்டு சிவந்து மெத்தென்றிருக்கும். இது வெளிறி, இழுத்தால் பனங்கிழங்கு நார் மாதிரி இழுபட்டது. கத்தரி வழுக்கியது. தசை இருக்கவேண்டிய இடத்தில் தழும்பு. வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, அண்ணையின் நெஞ்சு அங்கே இன்னும் திறந்துதான் கிடக்கிறது, எனக்கு மட்டும் இங்கே மேசையில் எல்லாம் தெரிந்துவிட்டது. வால்வை மாற்றுவார்கள். தசையை யார் மாற்றுவார்கள்?

நொதியத்தில் வழமையைவிடக் கூடநேரம் கிடந்தது. வடித்து எடுத்துப் பார்த்தேன். உருண்டைகள். எங்கே நகர்த்தினாலும் உருண்டைகள். ஓரத்தில் ஒன்று நீளமாக, வரியோடு கிடந்தது. அப்பால் இன்னொன்று. தேடத் தேட விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு அகப்பட்டன. பருத்துப்போன கலங்கள், சுமக்க முடியாததைச் சுமந்த கலங்கள். கல்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் வந்தது. துளி விட்டுப் பொறுத்தேன். இன்னொரு துளி விட்டுப் பொறுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் செய்ததில்லை. அப்படியும் சில உருண்டன.

மிஞ்சியதில் ஒன்றுக்குச் சிறிதாக மின்சாரம் கொடுத்தேன். அது சுருங்கியது. விரிந்தது. மீண்டும் சுருங்கியது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி, சத்தம் வராமல், "அண்ணை" என்றேன். பையன் பக்கத்தில் நின்றான். கேட்டானோ தெரியாது, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அளக்கவேண்டியதை அளந்து எழுதினோம். கிண்ணத்தில் மிஞ்சியதை, எப்போதும் செய்வதுபோல, வெளுக்கும் மருந்தில் ஊற்றிப் பிறகு கழுவினேன். வேறென்ன செய்வது? அதற்கென்று ஒரு சடங்கு எங்களிடம் இல்லை. ஆனால் கிண்ணத்தைக் கழுவும்போது அழுதேன். நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வாட்டுப் பக்கம் போனேன்.

அண்ணை சத்திரசிகிச்சையில் சாகவில்லை. அதற்குப் பிறகும் சில நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வால்வு வேலை செய்தது, தசை ஏலாமல் கிடந்தது. குழாய் எடுத்தபின் உதடு வெடித்துப் போயிருந்தது. நனைத்த பஞ்சால் துடைக்க மட்டும் விட்டார்கள். மச்சாள் உள்ளே வந்து கட்டில் காலடியில் நின்றபோதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"தண்ணி," என்றார்.

நல்ல தண்ணி என்று முழுதாகச் சொல்ல மூச்சில்லை. அந்த வீட்டில் வாழ்நாள் முழுக்கத் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட அதே வெறும் சொல். மச்சாள் மேசையில் இருந்த கோப்பையை எடுக்கக் கையை நீட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"ஏலாது மச்சாள்."

"ஒரு மிடறு."

"ஏலாது."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பஞ்சை நனைத்து அண்ணையின் உதட்டில் வைத்தேன். அவர் அதைச் சப்பினார். என்னைப் பார்த்து, அவருக்கு முடிந்த அளவு, கண்ணால் ஓம் என்றார். அது பஞ்சுக்கா, நான் வாய் திறக்காததற்கா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது போய்விட்டார்.

செத்த வீட்டில் பறை ஓய்ந்த ஒரு இடைவெளியில் மச்சாள் என்னைக் காட்டித் தலையிலடித்து அழுதார். "ஒரு மிடறு தண்ணி கேட்டவர்! குடுக்க விடேல்லை உவள். தாகத்தோடை அனுப்பிப்போட்டாள்!" பந்தலுக்குள் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. போனில் செத்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கனடாச் சொந்தம் ஒன்று, "உவ படிச்சவவல்லோ, தமையனுக்கு இப்பிடியோ செய்யிறது?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டது. இருதயம் வெட்டுகிறவள் வேறு என்ன செய்வாள் என்று ஒரு கிழவர் முடிவு சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கோபக்காரி, அது ஊருக்கே தெரியும். ஒரேயொரு வசனம் போதும், பந்தல் முழுக்க வாயடைத்துப் போகும். அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே நெருப்புக்குள் தள்ளிவிடலாம் அந்த மனுசியை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அழவும் முடியவில்லை. அழுதால் செய்ததற்கு அழுகிறாள் என்பார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று குசினிக்குள் போனேன். அன்று காலைதான் மச்சாள் நான் வைத்த தேத்தண்ணியை வாங்காமல் திரும்பிப் போனவர். சொல்லித்தான் விடுவது என்று போனேன்.

"மச்சாள், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்."

மச்சாள் நிமிர்ந்தார். கையில் அந்தச் செம்பு. பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணைக்கு ஊற்றிக் கொடுத்த செம்பு. விளிம்பில் ஒரு நெளிவு இருக்கும், அது நான் சின்னவயதில் கீழே போட்டு நெளித்தது.

"என்ன?"

"பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது போலை கிடக்கு," என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் போய்விட்டது. வாடகைக் கதிரைகளை லாண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மச்சாளும் நானும் மட்டும். அண்ணையின் படத்துக்கு முன்னால் விளக்கும், அதே செம்பில் தண்ணீரும் இருந்தன. செத்த நாளிலிருந்து மச்சாள் ஒவ்வொரு பின்னேரமும் அந்தத் தண்ணீரை மாற்றி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவராகவே என்னிடம் பேசினார்.

"அவரின்ரை இருதயத்திலை ஒரு துண்டு உம்மட்டைத் தந்தவையல்லோ."

"ஓம்."

"நீர் அதை உயிரோடை எடுக்கிறனீர் எண்டு அவர் சொன்னவர். இப்பவும் உயிரோடையோ கிடக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இல்லை மச்சாள். அது அண்டைக்குப் பின்னேரமே முடிஞ்சுது. எவ்வளவு பாத்தாலும் ஒருநாளுக்கு மேலை நிக்காது."

மச்சாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். விரலில் பட்ட எண்ணெயைத் தலையில் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அதுக்கெண்டாலும் தண்ணி குடுத்தனீரோ?"

உப்புப் போட்ட தண்ணீர், சீனி போட்ட தண்ணீர், கல்சியம் இல்லாத தண்ணீர், கல்சியம் துளித்துளியாகப் போட்ட தண்ணீர். ஒரு துளி கூடாமல் ஒரு துளி குறையாமல்.

"குடுத்தனான் மச்சாள்."

"வடிவாக் குடுத்தனீரோ?"

"ஓம். வடிவாக் குடுத்தனான்."

"அப்பச் சரி," என்றார்.

எழுந்து செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், பழைய தண்ணீரைச் செவ்வரத்தை மரத்தடியில் ஊற்றினார். குசினிக்குள் இருந்த நல்ல தண்ணிக் கானைச் சரிக்க அவருக்குப் பலம் போதவில்லை. நான் போய் அடியைப் பிடித்தேன். செம்பின் நெளிந்த விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்ததும் கானை நிமிர்த்தப் பார்த்தேன். மச்சாள் விடவில்லை. தண்ணீர் விளிம்பால் வழிந்து நிலத்தில் ஓடும்வரை நிரப்பினார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இனி ஒருத்தரும் மறிக்கமாட்டினம்," என்றார் படத்தைப் பார்த்து. "வேண்டின மட்டும் குடியுங்கோ."

நான் ஒரு துணியை எடுத்து வந்து, நிலத்தில் சிந்திய தண்ணீரைத் துடைத்தேன்.